இரண்டு டேங்க், ஒரே பம்ப்: எதை மாற்றுவது?

லோயர் கேம்ப்பைத் தாண்டிக் குமுளி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தேன். மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும் பெரிய குழாய்கள் கண்ணில் படும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டாம் கியரில், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தும் இழுவை குறைந்தது. வண்டி இரண்டு முறை உலுக்கி நின்றுவிட்டது. பின்னால் கம்பம் சந்தையில் ஏற்றிய தக்காளியும் திராட்சையும் இருந்தன. கட்டப்பனையில் கடை திறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, டீசலைக் கையால் ஏற்ற உதவும் கை பம்ப்பை அடித்தேன். முப்பது நாற்பது அடிக்குப் பிறகு சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் என்ஜின் பிடித்துக்கொண்டது.

அந்த வாரமே, டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்பைப் புதிதாக மாற்றினேன். எட்டு நாள் நன்றாக ஓடியது. ஒன்பதாம் நாள், அதே ஏற்றத்தில், அதே பாரத்தில் மறுபடி நின்றது. பம்ப்புக்குக் கொடுத்த பணம் வீண் என்பது அப்போதுதான் புரிந்தது. பணத்தைவிட அன்று வெயிலில் வாடிப்போன திராட்சைதான் இன்னும் மனத்தில் நிற்கிறது.

கம்பம், கூடலூர், போடி பக்கம் இருபது வருடத்துக்கு மேல் ஓடிய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவற்றில் சிலவற்றில் முந்தைய உரிமையாளர் வைத்துக் கொடுத்த இரண்டாவது டேங்க் இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. நம் பக்கத்து டீசல் விலைக்கும் மலைக்கு அந்தப் பக்கத்து விலைக்கும் வித்தியாசம் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் கேரளத்தில் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ்ஸும் சேர்ந்தது. இங்கேயே இரண்டு டேங்க்கையும் நிரப்பிக்கொண்டு போனால் லாபம் என்ற எண்ணம்தான். அப்படிப்பட்ட வண்டி ஏற்றத்தில் நின்றால், பம்ப்புக்கு உதிரிபாகக் கிட் போடுவதா, புது பம்ப் வாங்குவதா, மின்பம்ப் வைப்பதா, இரண்டாவது டேங்க்கையே கழற்றிவிடுவதா என்று நாலு பேர் நாலு வழி சொல்வார்கள். எந்த வழி சரி என்பதைக் கோளாறு எங்கே இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். ஆகவே முதலில் கோளாறைத் தேடும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் வண்டியின் அமைப்பு இது. இடது பக்கம் சேஸிஸில் கம்பெனி டேங்க். பின்னால் ஸ்டெப்னி இருந்த இடத்தில் கூடுதல் டேங்க். இரண்டிலிருந்தும் வரும் குழாய்கள் டிரைவர் சீட்டுக்குக் கீழே ஒரு மூவழி டேப்பில் சேர்கின்றன. டேப்பை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்த டேங்க்கின் டீசல் ஃபீட் பம்ப்புக்குப் போகும். ஃபீட் பம்ப் என்பது, நாசில்களுக்கு உயரழுத்தத்தில் டீசல் அனுப்பும் இன்லைன் பம்ப்பின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் சின்ன உலோக உடல். இன்லைன் பம்ப்புக்குள் சுழலும் கேம் ஃபீட் பம்ப்பின் பிளஞ்சரைத் தள்ள, ஸ்பிரிங் அதைத் திருப்பி அனுப்பும். இரண்டு சிறு வால்வுகளில் ஒன்று உறிஞ்சும் பக்கம், மற்றது தள்ளும் பக்கம். டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சி ஃபில்டர் வழியாக இன்லைன் பம்ப்புக்குத் தள்ளுவதோடு அதன் வேலை முடிந்துவிடும். நாசிலுக்குப் போகும் பெரிய அழுத்தத்தை அது உண்டாக்குவதில்லை.

இணையத்தில் இரண்டு டேங்க் பிக்கப் பற்றித் தேடினால் பெரும்பாலும் அமெரிக்காவின் பழைய ஃபோர்டு எஃப் வரிசை வண்டிகளுக்கான அறிவுரைதான் கிடைக்கும். "டேங்க்கை மாற்றிப் பாருங்கள். மாற்றியதும் ஓடினால் முதல் டேங்க்கின் பம்ப் போய்விட்டது" என்பார்கள். அவர்களுக்கு அது சரி. 1980-களின் நடுவில் ஃபியூல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் என்ஜின்கள் வந்தபோது அந்த வண்டிகளில் ஒவ்வொரு டேங்க்குக்குள்ளும் ஒரு மின்பம்ப், சேஸிஸில் ஓர் உயரழுத்த பம்ப் என்று வைத்தார்கள். 1990 வாக்கில் உயரழுத்த பம்ப்பையே டேங்க்குக்குள் கொண்டுபோனார்கள். டேங்க்குக்கு ஒரு பம்ப் என்பதால் சாவியைப் போட்டதும் எந்த டேங்க்கில் மோட்டார் சத்தம் கேட்கவில்லையோ அதைச் சந்தேகிக்கலாம். நம் டீசல் வண்டியில் இரண்டு டேங்க்குக்கும் ஒரே பம்ப், அதுவும் என்ஜினில். அதனால் அதே சோதனை இங்கே வேறு பதிலைச் சொல்லும். ஒரு டேங்க்கில் நின்று மற்றதில் ஓடினால் நம் பம்ப் நல்ல பம்ப். குற்றம் அந்த டேங்க்கில் அல்லது அதன் குழாயில் இருக்கிறது.

நான் ஏமாந்தது இதன் மறுபக்கத்தில். இரண்டு டேங்க்கிலும் வண்டி நின்றது. "இரண்டிலும் நிற்கிறது என்றால் பொதுவாக இருப்பது பம்ப் ஒன்றுதானே தம்பி" என்றார் மெக்கானிக். நானும் தலையாட்டினேன். பொதுவாக இருப்பது பம்ப் மட்டும் அல்ல. டேப்பும் பொது, டேப்பிலிருந்து பம்ப் வரைக்கும் வரும் ஹோஸும் பொது, பம்ப்பின் வாயில் இருக்கும் சிறு வடிகட்டியும் பொது, ஃபில்டரும் பொது. ஐந்து பேர் நிற்கும் வரிசையில் ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு போனோம்.

ஒரு டேங்க்கில் மட்டும் நிற்கும் வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது மூடி. டேங்க்குக்குக் காற்று போகும் துவாரம் அடைபட்டிருந்தால், டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பம்ப்பால் உறிஞ்ச முடியாது. இருபது முப்பது கிலோமீட்டர் ஓடி நிற்கும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்கும். மூடியைத் தளர்த்திவைத்து ஓட்டிப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். அடுத்தது டேங்க்குக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாயின் வலை. துருவும் பிசினும் அதில் ஒட்டிக்கொண்டால் வண்டி நிற்கும். உறிஞ்சல் நின்றதும் அழுக்கு உதிர்ந்து கீழே விழுவதால், கை பம்ப்பைத் தொடாமலேயே சிறிது நேரத்தில் தானாகப் பிடித்துக்கொள்ளும். மலை ஏறுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஏற்றத்தில் வண்டியின் மூக்கு தூக்குவதால் டீசல் டேங்க்கின் பின்பக்கம் ஒதுங்கும். உறிஞ்சுகுழாய் முன்பக்கம் இருக்கிற டேங்க்கில் கால்வாசி டீசல் இருந்தாலும் குழாயின் வாய் காற்றில் நிற்கும். முக்கால் டேங்க் நிரப்பிவிட்டு அதே வளைவில் ஏறிப் பார்த்த பிறகே மற்றவற்றைப் பேச வேண்டும்.

இரண்டு டேங்க்கிலும் நிற்கும் வண்டிக்குக் கை பம்ப்தான் முதல் சாட்சி. அதன் தலையைத் திருகி விடுவித்து நிதானமாக அடித்துப் பாருங்கள். அமுக்கும்போது கையை எதிர்த்து இறுக்கமாக நின்றால் பம்ப்புக்கு அப்பால் அடைப்பு, பெரும்பாலும் ஃபில்டர். மேலே இழுக்கும்போது இறுக்கமாக இருந்து, விட்டதும் கீழே இழுத்துக்கொண்டால் டேங்க் பக்கம் அடைப்பு. இரண்டும் இல்லாமல் வெறும் சைக்கிள் பம்ப்போல் லேசாக ஏறி இறங்கினால் ஒன்று காற்று எடுக்கிறது, அல்லது பம்ப்பின் வால்வு பிடிக்கவில்லை. என் கைக்கு இந்த மூன்றாவதுதான் கிடைத்தது. முதல் முறையே இதைக் கவனித்திருக்கலாம். மலைப்பாதையில் பதற்றத்தில் அடிக்கும்போது கை எதையும் உணர்வதில்லை.

காற்றா, வால்வா என்பதைப் பிரிக்க ஒரு முழம் கண்ணாடி ஹோஸ் போதும். பம்ப்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி, இடையில் இந்தத் தெளிவான ஹோஸை மாட்டி இரு பக்கமும் கிளிப் போட்டு என்ஜினை ஓடவிட்டேன். ஐட்லிங்கில் மஞ்சள் டீசல் அசையாமல் நிற்பதுபோல் தெளிவாகப் போனது. நண்பர் ஆக்சிலரேட்டரை மிதித்தார். முதலில் ஒன்று, பிறகு மூன்று நான்கு, கடுகளவு குமிழிகள் ஹோஸின் மேல்விளிம்பை ஒட்டி வரிசையாக நகர்ந்தன. மிதியை எடுத்ததும் நின்றுவிட்டன. மறுபடி மிதித்ததும் மறுபடி வந்தன. வேகம் கூடினால் உறிஞ்சல் கூடும், உறிஞ்சல் கூடினால் காற்றும் கூடும். சமதரையில் கூடலூர் வரைக்கும் ஒழுங்காகப் போன வண்டி லோயர் கேம்ப்பைத் தாண்டியதும் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். "ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லையே, பிறகு எப்படி லீக் என்கிறாய்?" என்று என் மைத்துனரே கேட்டார். டேங்க்கிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள குழாய் உறிஞ்சப்படும் குழாய். அதில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். பம்ப்புக்கு அப்பால், ஃபில்டர் பக்கம் ஓட்டை விழுந்தால்தான் சொட்டும். அதனால் குழாயைத் துடைத்துவிட்டு ஈரம் தேடுகிறவர் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கவே மாட்டார். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் பிடிக்க அடம்பிடிப்பதும் இதன் அடையாளம்தான். காற்று நுழைந்த இடத்திலிருந்து டீசல் டேங்க்குக்கே திரும்பி இறங்கிவிடும்.

அடுத்து கேன் சோதனை. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல், அதிலிருந்து ஒரு ஹோஸ் நேராகப் பம்ப்புக்கு. டேங்க், குழாய், டேப் எல்லாம் வெளியே. வண்டி நன்றாக ஓடினால் பம்ப் குற்றமற்றது. மிகப் பலர் இதைச் செய்கிறார்கள், ஆனால் கேனை பானெட் மேல் உயரத்தில் வைத்துவிடுகிறார்கள். உயரத்திலிருந்து டீசல் தானாகவே இறங்கும். செத்த பம்ப்பும் அப்போது உயிரோடு இருப்பதுபோல் தெரியும். கேனைத் தரையில், டேங்க் இருக்கும் மட்டத்தில் வையுங்கள். பம்ப் தன் வேலையைச் செய்து காட்டட்டும். நான் கேனைத் தரையில் வைத்துப் பத்து நிமிடம் ரேஸ் கொடுத்தேன். ஒரு குமிழி இல்லை. பிறகு கேனின் ஹோஸை டேப்பின் வாயில் செருகினேன். குமிழிகள் திரும்ப வந்தன.

டேப்பைக் கழற்றிப் பிரித்தோம். திருப்பும் தண்டைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் ஒரு பக்கம் தட்டையாகி, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. அத்தனை அலைச்சலுக்கும் காரணம் அந்த ஒரு வளையம். புதிய பம்ப் எட்டு நாள் ஓடியதற்கும் விளக்கம் கிடைத்தது. பம்ப் மாற்றும்போது காற்றை முழுக்க வெளியேற்றி, காப்பர் வாஷர்களையும் மாற்றியிருந்தார்கள். அந்த வாரம் எனக்குப் பாரமும் குறைவு.

பம்ப்பே உண்மையில் போயிருந்தால் எப்படித் தெரியும்? தரையில் வைத்த கேனிலும் ஏற்றத்தில் திணறும், ஃபில்டர் புதிது, குமிழி இல்லை என்றால் பம்ப்தான். இன்னொரு உறுதியான அடையாளம் ஆயில். பிளஞ்சர் தண்டு தேய்ந்தால் டீசல் கசிந்து கேம் இருக்கும் அறையின் ஆயிலில் கலக்கும். சில வண்டிகளில் அந்த அறைக்கு என்ஜின் ஆயிலே போகும். ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் கூடினால், முகர்ந்து பார்த்தால் டீசல் வாடை அடித்தால், அன்றே பம்ப்பைக் கழற்றுங்கள். தண்ணீரான ஆயிலில் மலை ஏறினால் என்ஜினின் பேரிங்குக்கே ஆபத்து. சோதனை செய்யும் எவரும் நாசிலுக்குப் போகும் உயரழுத்தக் குழாயைத் தளர்த்தி விரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இனி நாலு வழிகள். கிட் போடுவது, அதாவது வால்வு, ஸ்பிரிங், வாஷர் மாற்றுவது, சில நூறு ரூபாயில் முடியும். வால்வு பிடிக்காத பம்ப்புக்கு இதுவே போதும். ஆனால் பிளஞ்சரோ அது ஓடும் உடலோ தேய்ந்திருந்தால் கிட் சில மாதங்களைத்தான் வாங்கித் தரும். ஆயிலில் டீசல் கலந்த பம்ப்புக்குக் கிட் போடாதீர்கள். புதியதையே வாங்குங்கள், விலை ஆயிரங்களில் போனாலும். பம்ப் கடைகளில் இன்னும் 'மைக்கோ பம்ப்' என்றுதான் கேட்பார்கள். அந்த நிறுவனம் 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது, பெட்டியில் அந்தப் பெயரைப் பாருங்கள். பழைய பம்ப்பைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. வெளியே ஒன்றுபோல் தெரியும் பம்ப்புகளில் தண்டின் நீளம் மாறியிருக்கும்.

மின்பம்ப்பை இப்போது பலரும் பரிந்துரைக்கிறார்கள். டேங்க்குக்குப் பக்கத்தில் 12 வோல்ட்டில் ஓடும் சிறிய பம்ப். அது உறிஞ்சுவதற்குப் பதில் தள்ளுவதால் காற்று எடுக்கும் தொல்லை குறையும், கை பம்ப் அடிக்கும் வேலையும் குறையும். இவ்வளவும் உண்மைதான். எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்றால், ஓட்டை அடைபடாமல் அப்படியே இருக்கும். நேற்றுவரை காற்றை உள்ளே விட்ட ஓட்டை இன்று டீசலை வெளியே சொட்டவிடும், அதுவும் சூடான சைலன்சர் போகும் அடிப்பக்கத்தில். விபத்தில் குழாய் அறுந்தாலும் சாவி போட்டிருக்கும் வரை பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஃபோர்டு தன் வண்டிகளில் மோதல் அதிர்ச்சியில் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் வைத்தது. ஃபியூஸ், ரிலே, அப்படி ஒரு சுவிட்ச், மூன்றும் வைத்துக் கொடுக்கும் எலக்ட்ரீஷியன் கிடைத்தால் யோசிக்கலாம். இக்னிஷனிலிருந்து ஒரு வயரை இழுத்து இன்சுலேஷன் டேப் சுற்றிக் கொடுப்பவரிடம் இந்த வேலையைத் தராதீர்கள்.

டேப்பை மட்டும் மாற்றி இரண்டு டேங்க்கையும் வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். அப்போது கண்ணில் பட்டது ரிட்டர்ன் குழாய். இன்லைன் பம்ப்புக்குப் போகும் டீசலில் மிச்சமானது டேங்க்குக்குத் திரும்பும். என் வண்டியில் அது எப்போதும் கம்பெனி டேங்க்குக்கே போனது. பின் டேங்க்கில் ஓட்டினால் அதன் டீசல் கொஞ்சம் கொஞ்சமாக முன் டேங்க்குக்கு மாறும். முன் டேங்க் நிறைந்திருந்தால் மூடி வழியாக வழியும். சில நாள் காலையில் டேங்க்கின் பக்கவாட்டில் ஈரத்தைப் பார்த்து, பங்க்கில் கூடுதலாக ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறேன். சரியாகச் செய்வதென்றால் வரும் குழாயையும் திரும்பும் குழாயையும் சேர்த்தே மாற்றும் ஆறுவழி வால்வு வேண்டும்.

பிறகு கணக்குப் போட்டேன். கம்பத்திலிருந்து குமுளி சுமார் 22 கிலோமீட்டர், அங்கிருந்து கட்டப்பனை சுமார் 30. போய்வர நூறுக்குக் கொஞ்சம் மேல். லிட்டருக்கு பத்து கிலோமீட்டர் என்றால் பதினொரு லிட்டர். குமுளியிலிருந்து கோட்டயம் சுமார் 110 கிலோமீட்டர். அங்கே போய்த் திரும்பினாலும் முப்பது லிட்டரைத் தாண்டாது. கம்பெனி டேங்க் ஒன்றே தாராளமாகப் போதும். இங்கே நிரப்பிக்கொண்டு போகும் லாபமும் அந்த ஒரு டேங்க்கிலேயே கிடைத்துவிடுகிறது. பின் டேங்க் எனக்குத் தந்தது ஆறு இணைப்புகள், ஒரு டேப், ஏழெட்டு அடிக் குழாய், மழைக்காலத்தில் பாதி நிரம்பிய டேங்க்கின் உள்சுவரில் வியர்க்கும் தண்ணீர். ஆர்.சி. புத்தகத்தில் அது ஏறவும் இல்லை. அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஒவ்வொரு முறை எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போகும்போதும் அந்தக் கவலை வேறு.

வெளி மாநில நெடுந்தூர ஓட்டம் உள்ளவருக்கு இந்தக் கணக்கு மாறும். அவர் முறைப்படி அனுமதி வாங்கி, ஆறுவழி வால்வு வைத்து, இரண்டு டேங்க்கின் அடியிலும் தண்ணீர் வடிக்கும் பிளக் வைத்துக்கொள்வது நியாயம். மலை ஏறி அன்றே திரும்பும் நமக்கு அது தேவையில்லை என்பது என் முடிவு. பின் டேங்க்கைக் கழற்றினேன். டேப்பையும் எடுத்துவிட்டு, கம்பெனி டேங்க்கிலிருந்து பம்ப்புக்கு ஒரே துண்டாக டீசல் ஹோஸ் போட்டேன். கண்ணாடி ஹோஸையும் சோதனை முடிந்ததும் எடுத்துவிட்டேன். டீசலிலும் சூட்டிலும் அது கட்டையாகி வெடித்துவிடும். ஃபில்டர் தலையில் காற்றை வெளியேற்றும் பிளீடர் போல்ட்டைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் ஒழுங்காக வழியும் வரை கை பம்ப்பை அடித்து, அடித்துக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கினேன். மறுநாள் முழுப் பாரத்தோடு ஏறினேன்.

கழற்றிய டேங்க்கைக் கவிழ்த்தபோது கடைசியில் ஒரு டம்ளர் அளவுக்குத் துரு கலந்த தண்ணீர் வந்தது. முதலில் குற்றம் சாட்டிக் கழற்றிய பழைய பம்ப்பைப் பம்ப் கடையில் கொடுத்துப் பார்த்தேன். வால்வும் நன்றாக இருக்கிறது, தண்டும் தேயவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு காப்பர் வாஷரோடு துணியில் சுற்றி, இப்போது அது சீட்டுக்குக் கீழே, டேப் இருந்த இடத்தில் இருக்கிறது.